அப்பா போட்ட வயர்

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் கறுப்புச் சுவிட்சு நினைவிருக்கும். உருண்டையாக, நடுவில் மூக்கு மாதிரி ஒரு குமிழோடு மரப்பலகையில் திருகி வைத்திருப்பார்கள். தள்ளினால் டொக்கென்று சத்தம் வரும். பக்கத்திலேயே ரெண்டு ஓட்டை வைத்த பிளக்கு. அதில் செருக முள் இல்லாவிட்டால் வயரின் நுனியைச் சீவி ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சியை அடைத்து இறுக்கிவிடுவோம். எத்தனை வீட்டில் அப்படி இருந்தது. பிழைத்துக் கிடந்தது அம்மன் புண்ணியம்தான்.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. கோர்வையாக எழுத வராது. எங்கள் வீட்டுச் சாமி அறைச் சுவிட்சால் ஒரு வருஷம் நடந்ததை, நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

போடியில் ஏலக்காய்க் கடைத் தெருவுக்குப் பின்தெரு எங்கள் வீடு. காற்றடித்தால் சாக்கு வாசமும் காய் வாசமும் கலந்து வரும். எங்களுக்கு அது வாசமாகவே தெரியாது. வெளியூர் ஆட்கள் வந்து மூக்கை உறிஞ்சினால்தான் நினைப்பு வரும். அப்பா கடையில் எடை போடுகிறவர். அண்ணன் ஜீப்பு ஓட்டினான். காலையில் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை மேல் மெட்டுக்குப் போவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். எனக்கும் அண்ணனுக்கும் வயசில் நிறைய இடைவெளி. அவனுக்குக் கல்யாணம் பேசும்போது நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் போலச் சாமி கும்பிடுகிறவரை நான் பார்த்ததில்லை. குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மதுரைக்கு ரயிலேறிப் போய் அம்மன் படத்துக்கு ஒரு பித்தளைத் திருவாசி வாங்கி வந்திருந்தார். படத்தைச் சுற்றி வளைவாக நிற்கும். வளைவு நெடுக மிளகாய்ப்பழம் அளவில் சின்னச் சின்ன பல்புகள். அந்தியில் அது எரியும்போது அம்மன் முகத்தில் மூக்குத்தி மட்டும் தனியாக மின்னும். தெருவில் யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது.

கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. அதுவரை பிளக்கு கூடத்தில் இருந்தது. அங்கிருந்து வயர் தரையில் ஓடிச் சாமி அறைக்குப் போகும், ஆளாளுக்குக் காலில் தடுக்கும். பிளக்கை அறைக்குள் மாற்றிவிட்டு, சுவிட்சை மட்டும் வெளிச்சுவரில் வைத்துவிடலாம் என்றார். குளிக்காமல் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நானோ, வீட்டுக்கு விலக்கான நாளில் இருக்கிற பெண்களோ உள்ளே போகாமலே விளக்குப் போட்டுவிடலாம். அந்தி விளக்கு ஒருநாளும் தவறாது.

"சுவிட்சத் தொட்டா தீட்டு இல்லையாங்க?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "கரண்டு நெருப்பு மாதிரி. நெருப்புக்கு ஏது தீட்டு?"

"அப்ப வயர்மேனக் கூப்பிடுங்க. வெரசா முடிச்சுட்டுப் போயிருவான்."

"அவன் எங்கிட்டு என்னத்தத் தின்னுட்டு வருவானோ. சாமி ரூம்புக்குள்ள அவன் எதுக்கு? நானே போட்டுக்கிறேன்."

விரதம் இருந்து, தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு பியூசைப் பிடுங்கி வைத்துவிட்டு அப்பா அந்த வேலையைச் செய்தார். ஆணி அடிக்கும்போதுகூட வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு பியூசை மாட்டினார். சுவிட்சைப் போட்டால் திருவாசி எரிந்தது. அமத்தினால் அமந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் சரி பார்க்க ஒன்றும் இருப்பதாக எங்களில் யாருக்கும் தெரியாது.

என்ன தப்பு என்பதை, எனக்குக் கல்யாணமாகி நாங்கள் வீடு கட்டியபோது வயரிங்குக்கு வந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கரண்டு உள்ளே வருகிற வயரைச் சுவிட்சு தடுக்க வேண்டுமாம். அப்பா அதை நேராகப் பிளக்குக்குக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகிற வயரைச் சுவிட்சுக்குக் கொடுத்திருந்தார். அமத்தினால் பல்பு எரியாது, ஆனால் கரண்டு பல்பைத் தாண்டி, திரும்பிப் போகிற வயரிலும் வந்து நின்றுகொண்டே இருக்கும். திருவாசியில் வயர் நுழைகிற ஓட்டையில் அந்தத் திரும்பிப் போகிற வயரின் ரப்பர் தேய்ந்து உள்ளே இருந்த செம்பு பித்தளையைத் தொட்டிருக்கிறது. ஆக, விளக்கு எரியாதபோதுதான் அந்தத் திருவாசி முழுக்கக் கரண்டு.

அம்மாவை அது ஒன்றும் செய்யவில்லை. எப்போதும் மணைப்பலகை போட்டு அதன் மேல் உட்கார்ந்துதான் அம்மா பூசை செய்வாள், திருவாசியைத் துடைப்பாள். அப்பாவும் அப்படித்தான். பலகை நல்ல கனத்த மரம்.

வைகாசியில் அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி வந்தாள். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள். மெட்டுக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும். வந்த புதிதில் அப்பா சாப்பிடும்போது, "மாமா, வெள்ளம் கொண்டாரவா?" என்று கேட்டுவிட்டாள்.

"இந்தா பாரு, கொட்டகுடி ஆத்துல வெள்ளம் வந்துருச்சாக்கும்னு நான் சேலையத் தூக்கிச் சொருகிட்டு நிக்கிறேன்" என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தோம், மதினியும் சிரித்தாள். அவள் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். தலை பின்னினால் ஈரு வலிக்காமல் எடுப்பாள். அவளிடமிருந்து எப்போதும் அடுப்புப் புகை வாசமும் பச்சைக் காய் வாசமும் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா, "இனிமே சாமி ரூம்பு உன் சோலி" என்று அவளிடம் ஒப்படைத்தாள். மலையில் வளர்ந்த பிள்ளை, தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க மாட்டாள். சிமிட்டித் தரையைக் குடம் குடமாக ஊற்றிக் கழுவினாள். மாமியார் பலகையில் மருமகள் உட்காரக் கூடாது என்று நின்றபடியே திருவாசியைப் புளி போட்டுத் தேய்க்கப் போனாள். சுவிட்சை அமத்திவிட்டுத்தான் போனாள். 'ஆ' என்று ஒரு சத்தம். கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கரண்டு அடிக்குது அத்தை."

"அமத்திட்டுத்தானே தொட்ட?"

"அமத்தியாச்சு அத்தை."

"எரியாத பல்புல ஏதுடி கரண்டு?" அம்மா போய்ப் பலகையில் உட்கார்ந்து திருவாசியை ரெண்டு கையாலும் பிடித்தாள். ஒன்றும் இல்லை. சாயங்காலம் அப்பா வந்து பலகையில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "சொடக்கு எடுத்திருக்கும் தாயி" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அடித்தது. அதற்கடுத்ததும். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எங்களை விட்டுவிட்டு அவளுக்கு மட்டும் ஏன் என்று அம்மா வாய்விட்டே கேட்க ஆரம்பித்தாள். மலையில் ஏதோ சாமிக்கு நேர்ந்துகொண்டு மறந்திருப்பாள், அது குறுக்கே நிற்கிறது, நம்ம ஆத்தா இவளை ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மா கெட்டவள் இல்லை. பயந்தவள். மகன் ஓட்டுகிற ஜீப்புக்கு ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். வீட்டில் சாமி குத்தம் இருந்தால் அது எங்கே போய் இறங்கும் என்று அவளுக்கு நினைப்பு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுத்தா. எந்தக் கோயிலுக்காவது எதாச்சும் நேந்தியா?"

"இல்லை அத்தை. இது கரண்டுதான்."

"அத்தையப் பொய்க்காரின்ற, அப்பிடித்தானே?"

அண்ணன் அப்பா முகத்தைப் பார்த்தான். அப்பா அம்மன் படத்தைப் பார்த்தார். பிறகு அவர்தான் அதைச் சொன்னார். தலைக்குக் குளித்து, ஈரச்சேலையோடு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து மனசாரக் கும்பிட்டுத் தொட்டால் ஆத்தா மனசு இளகும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் நிலைப்படிக்கு வெளியே நின்று பார்த்தேன். மதினி கூந்தலில் தண்ணீர் ஓடிக் குதிகாலில் இறங்கியது. கண்ணை மூடிக் கும்பிட்டாள். கையை நீட்டினாள். தொட்டாள். சத்தமே இல்லை. யாரோ பிடித்துத் தள்ளியது மாதிரி பின்னால் வந்து சுவரில் மோதி, கால் மடிந்து உட்கார்ந்தாள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் தெரிந்ததாகத் தெரியவில்லை.

வலது கையில் ரெண்டு விரல் மரத்துப்போயிற்று. கிள்ளினால் தெரியாது. அம்மா வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவினாள். தடவிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே, "ஆத்தாவுக்கே பிடிக்கலயே, நான் என்னத்தச் செய்ய" என்றாள்.

ஆடி பிறக்கப் போகிறது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. அதனால் தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மதினியின் அப்பா சீர்த்தட்டோடு வந்தார், சாப்பிட்டார், மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணனே ஜீப்பில் கொண்டுபோய் விட்டான். அனுப்பும்போது அம்மா, "சொல்லி விடுறோம், அப்புறமா வா" என்றாள். ஆவணி ஒண்ணாந்தேதி வந்துவிடு என்று சொல்லவில்லை. மதினிக்கு அது புரிந்தது. எனக்குப் புரியவில்லை. ஆடி முடிந்தும் அவளை அழைக்கப் போவதில்லை என்பதை, அம்மா அடுப்படியில் அண்ணனுக்கு வேறு இடம் பார்ப்பது பற்றி அப்பாவிடம் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டேன். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விலக்கான நாள். அப்பாவே சாமி அறையைக் கழுவினார். பலகையைக் காயட்டும் என்று வெளியே எடுத்து வைத்துவிட்டு, குளித்த ஈரவேட்டியோடு நின்று திருவாசியைத் துடைத்தார். பாத்திரம் விழுந்த மாதிரி சத்தம் கேட்டு ஓடிப்போனோம். அப்பா தரையில் கிடந்தார். எழுந்து உட்கார்ந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஆத்தா தொட்டுட்டா" என்றார். "என்னையும் ஒரு ஆளா நினைச்சுத் தொட்டுட்டா."

அந்த முகம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. அதே பித்தளை. அதே கரண்டு. மதினியைத் தொட்டபோது கோபம் என்றோம். அப்பாவைத் தொட்டபோது அருள் என்றோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

செய்தி தெருவில் பரவியது. எதிர்வீட்டு அத்தைதான் முதலில் வந்து அப்பா கையால் திருநீறு வாங்கினாள். பிறகு கடைகளில் காய் பொறுக்குகிற பெண்கள் வேலை விட்டுப் போகும்போது வந்தார்கள். நகத்தில் ஏலக்காய்த் தூசியோடு கையேந்தி நிற்பார்கள். எடைக்கல்லைத் தவிர ஒன்றும் அறியாத அப்பா, ஒவ்வொருவருக்கும் அந்த நேரம் எப்படி இருந்தது என்று சொல்லுவார்.

ஆவணி பிறந்தும் அழைக்க யாரும் போகாததால் மதினியின் அப்பாவே மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவர்கள் வந்தபோது கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

"முழங்கை வரைக்கும் ஒரு நடுக்கம். நாக்குல இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி. காதுக்குள்ள வண்டு ஙொய்னு இரையுது. அப்புறம் நெஞ்சுல ஒரு தள்ளு…"

மதினி வாசலில் பையோடு நின்று கேட்டாள். எல்லாரும் அமைதியாக இருந்ததால் அவள் மெதுவாகச் சொன்னதும் நன்றாகக் கேட்டது.

"எனக்கும் அப்படித்தான் மாமா இருந்துச்சு. அதே இரும்பு ருசிதான்."

அவள் குத்திக் காட்டவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வது மாதிரித்தான் சொன்னாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. காப்பி ஆறியதும் மதினியின் அப்பா, "மெட்டுக்குக் கடைசி ஜீப்பு போயிரும் மச்சான், நாங்க கிளம்புறோம்" என்றார். ரெண்டு பேரும் போய்விட்டார்கள்.

மறுநாள் அப்பா கடைக்குப் போகவில்லை. யாரிடமோ ஒரு டெஸ்டர் வாங்கி வந்தார். சுவிட்சை அமத்திவிட்டு, பலகை மேல் உட்கார்ந்து டெஸ்டரைத் திருவாசியில் வைத்தார். அதன் வாலில் சிவப்பாக எரிந்தது. சுவிட்சை மறுபடி பார்த்தார். அமத்தித்தான் இருந்தது. அப்புறம் டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டுப் போய் பியூசைப் பிடுங்கினார். சுவிட்சுப் பலகையைக் கழற்றி, சுவிட்சுக்கும் பிளக்குக்கும் போகிற வயர்களை இடம் மாற்றி முடுக்கினார். திருவாசி ஓட்டையில் கறுப்பு டேப்பு சுற்றினார். பியூசை மாட்டி மறுபடி டெஸ்டர் வைத்தபோது அது எரியவில்லை. அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அப்பா அண்ணனிடம் சொன்னார்: "நாளைக்கு அவளக் கூட்டிட்டு வந்துரு. ஆத்தா கோபம் தணிஞ்சிருச்சுன்னு சொல்லு."

மறுநாள் அண்ணன் தனியாக வந்தான். சாவியை ஆணியில் மாட்டினான்.

"என்னப்பா?" என்று அப்பா அவனைக் கேட்டார்.

"கோபம் யாருக்கு இருந்துச்சுன்னு கேக்குறா. வரலன்னுட்டா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே போனார். நானும் மதினியைப் பார்க்க வேண்டும் என்று அழுததால் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். மெட்டைத் தாண்டியதும் வானம் மூடாப்பு. தோட்டத்து ஸ்டோரிலிருந்து காய் உலர்த்துகிற புகை வந்தது. மதினி ஒரு ஏலச்செடித் தூருக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். தலையில் பிளாஸ்டிக் பேப்பர், விரலெல்லாம் கறை. மரத்த ரெண்டு விரலை விட்டுவிட்டு மற்ற விரல்களால் எடுத்தாள்.

"என்ன தாயி, நல்லாருக்கியா?"

"இருக்கேன் மாமா. உக்காருங்க. பாப்பா, அட்டை ஏறும், காலப் பாத்துக்க."

அப்பா உட்காரவில்லை. சட்டைப் பையைத் தடவினார். மழைத்தண்ணீர் இலையிலிருந்து அவர் தோளில் சொட்டியது. எங்கள் ஊரில், தெருவில், கடையில் எல்லா இடத்திலும் அவருக்கு இப்போது வேறு மரியாதை. எடைபோடுகிறவராக இருந்தவர், ஆத்தா தொட்ட ஆளாகிவிட்டார். அதைவிட, அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. வாழ்நாளெல்லாம் கும்பிட்டு ஒரே ஒருநாள் கிடைத்தது அது.

"வயருதான் தாயி" என்றார். "நான் மாத்திப் போட்டுட்டேன்."

"தெரியும் மாமா. அன்னைக்கே சொன்னேனே."

"இப்பச் சரி பண்ணிட்டேன். ஒண்ணும் அடிக்காது. வா, போவோம்."

மதினி காயைக் கூடையில் போட்டாள். "எனக்குச் சொன்னத அங்கயும் சொல்லுங்க மாமா. திருநீறு வாங்க வர்றவங்ககிட்ட. அத்தை கேக்க. அப்ப வர்றேன். இல்லாட்டி எதுக்கு வர? நாளைக்கு எதாவது ஒண்ணு நடந்தா, மறுபடி நான்தானே?"

அப்பா திரும்பி நடந்தார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வந்து கையேந்தினார்கள். அப்பா திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். வாசற்படியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஆத்தா யாரும் வரல. அது கரண்டு. நான் வயரத் தப்பாப் போட்டேன். என் மருமகளுக்கு அடிச்சதும் அதுதான், எனக்கு அடிச்சதும் அதுதான். அவமேல ஒரு குத்தமும் கிடையாது."

எதிர்வீட்டு அத்தை பக்கத்தில் நின்றவளை இடித்தாள். "அண்ணே எம்புட்டு அடக்கமாச் சொல்றாக பாத்தியா. ஆத்தா வந்த ஆளு இப்பிடித்தான் பேசுவாக." குனிந்து தட்டிலிருந்து தானே திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டாள். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா கை ரெண்டையும் தொங்கவிட்டு நின்றார்.

உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தார். "சொல்லிட்டேன்."

"ஒருத்தியும் நம்பலயே."

"நீ நம்புறியா?"

அம்மா சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "டெஸ்டர் எரிஞ்சத நானும்தான் பாத்தேன்" என்றாள்.

அவர்கள் சொல்லும் வரைக்கும் அண்ணன் காத்திருக்கவில்லை. ஜீப்பு கிளம்புகிற சத்தம் அதற்குள் கேட்டுவிட்டது.

எனக்கு இன்றைக்கும் ஆத்தாமேல் சந்தேகம் கிடையாது. தினமும் விளக்கேற்றுகிறேன். அவள் அந்தத் திருவாசியில் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா படியில் நின்று பேசினாரே, அப்போது அவள் எங்கேயோ பக்கத்தில் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

மதினி அன்றைக்கு ராத்திரியே வந்தாள். படியில் ஏறாமல் நின்றாள். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு, "கரண்டுதான்த்தா. தெரியாமப் பேசிட்டேன். உள்ள வா" என்றாள். மதினி உள்ளே வந்தாள். சாமி அறைப்பக்கம் திரும்பவில்லை. பையை வைத்துவிட்டு, கை கால் கழுவி, நேராக அடுப்படிக்குப் போனாள்.

அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். மதினி சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"உப்புப் பத்தலையா மாமா?"

"இருக்கு தாயி" என்றார் அப்பா. தலையை நிமிர்த்தாமல் முதல் கவளத்தை எடுத்தார்.